மைக்கில் வாசித்த றிப்போட்

போன மாதம் ஆய்வுகூடப் பிள்ளைகள் சிலர் வீடு தேடி வந்தார்கள். தங்கள் பயிற்சி நாளில் நான் வந்து ஏதாவது பேச வேண்டுமாம். சலம், அதாவது சிறுநீர், சோதிக்கப் புதிய அட்டை வந்திருக்கிறது, ஒரே அட்டையில் எத்தனையோ போதைப்பொருளைப் பார்க்கலாம், மாயக்காட்சி காட்டும் சாமான்களுக்கும் அதில் கோடு இருக்கிறது என்றார்கள். கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை, "இனி ஒருத்தரும் எங்களுக்குத் தப்பேலாது அண்ணை" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு கனநேரம் கதிரையை விட்டு எழும்பவில்லை. முகம் சுட்டது. அப்படியான ஒரு அட்டைக்குத் தப்பிய ஒரு ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த ஆள் நான்தான்.

பயிற்சி நாளில் பாதியைத்தான் சொன்னேன், சபையில் சொல்லக்கூடிய பாதியை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். தீவுப்பக்கத்தில் ஒன்று, அவ்வளவுதான்.

நான் படித்ததும் பயிற்சி எடுத்ததும் எல்லாரையும் போலத்தான், அதில் எழுத ஒன்றுமில்லை. நுணுக்குக்காட்டிக்குள் பார்த்துப் பார்த்துக் கழுத்து வளைந்தது, சோதனை பாசானது, இரண்டு இடத்தில் வேலை செய்தேன், பிறகு சொந்தத் தீவுக்கே மாற்றம் கேட்டு வந்தேன். கேட்டு வந்ததுதான் விசர் வேலை என்று என் மனுசி இன்றைக்கும் சொல்லுவாள். சொந்த ஊரில் வாத்தியாராக இருக்கலாம், தபால்காரராக இருக்கலாம். சொந்த ஊரில் சலம் சோதிக்கிறவனாக இருக்கக் கூடாது. கோயிலில் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவனின் சீனி எவ்வளவு, அவன் தகப்பனின் சளியில் என்ன இருந்தது எல்லாம் தெரிந்துகொண்டு எப்படியப்பா செபம் சொல்லுவது?

எங்கள் பொறுப்பாளர் கமலாம்பிகை மிஸ். யாழ்ப்பாணத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார். சத்தம் போட்டு ஏசியதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஒரு முடிவை வாசிக்குமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டு, யன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி நின்றுதான் வாசிப்பார். ஆய்வுகூடத்துக்குள் ஒரு நோயாளியின் பெயரை உச்சரிக்க விடமாட்டார். வந்த புதிதில் நான் ஒருமுறை, "சம்மாட்டியாருக்குச் சீனி ஏறிப்போச்சு மிஸ்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஆருக்கு?"

"சம்மாட்டியாருக்கு மிஸ், படகு வைச்சிருக்கிற..."

"அப்பிடி ஒரு நம்பர் எனக்குத் தெரியாது. பெயர் வாசலுக்கு அங்கால. உள்ளுக்கை நம்பர் மட்டும்தான். விளங்கிச்சோ உமக்கு?"

விளங்கியது. அதன் பிறகு என் வாயிலிருந்து ஒரு பெயரும் வந்ததில்லை, நினைவோடு இருந்தவரையில்.

போதைப்பொருள் பார்க்கச் சலம் எடுப்பது மற்றச் சோதனைகளைப் போல அல்ல. போத்தலைக் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பி நிற்க ஏலாது. பின்னால் நின்று பார்க்க வேண்டும். சாரதிகள் வருவார்கள், பொலிஸ் கூட்டிவரும் பொடியள் வருவார்கள், கப்பல் வேலைக்குப் போக றிப்போட் கேட்டு வருகிறவர்களும் உண்டு. பாதிப்பேர் எனக்கு ஏதோ ஒரு முறையில் சொந்தம். ஒருமுறை மனுசியின் மாமன்முறை ஒருவர் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு துளி வரவில்லை. "நீ நிண்டா எனக்கு வராதடா" என்றார் கெஞ்சலாக. நான் நின்றேன். வேலை.

கையில் வாங்கியதும் போத்தலின் சூட்டைப் பார்க்க வேண்டும். ஆறியிருந்தால் வெளியில் இருந்து கொண்டுவந்தது. ஒரு லொறிச் சாரதி காற்சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த பிளேன்ரீயை, பால் விடாத தேத்தண்ணியை, என் கண்ணில் படாமல் ஊற்றித் தந்துவிட்டான். சூடு சரியாகத்தான் இருந்தது. மிஸ் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார், மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார், வாசலுக்குப் போய் அவனிடமே நீட்டினார். "தம்பி, இது நீர் குடிக்கிறது. நாங்கள் கேட்டது மற்றது." அவன் அழாக்குறையாக நின்றான். சிரித்த என்னை மிஸ் ஒரு பார்வை பார்த்தார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

இனி அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளை தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் குச்சியில் கோடு வந்தால் உண்டு. போதை அட்டையில் நேர்மாறு. மருந்து சலத்தில் இருந்தால் கோடு வராது, இல்லாவிட்டால்தான் கோடு வரும். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது தலைகீழாக வாசிப்பார்கள். அடுத்தது, அட்டை தனக்குத் தெரிந்த மருந்தைத்தான் பிடிக்கும். மாயக்காட்சி காட்டும் எல்.எஸ்.டி. போன்றது உடம்புக்குள் போவதே தூசளவு, சலத்தில் வருவது அதிலும் குறைவு, வெளிச்சம் பட்டாலும் கெட்டுப்போகும். அதற்குப் போத்தலைக் கறுப்புத் தாளில் சுற்றிக் குளிரில் வைத்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அங்கே பெரிய இயந்திரம் இருக்கிறது. எங்கள் வேலிக்கரையில் தன்பாட்டில் வளரும் ஊமத்தைக்கோ நாங்கள் வைத்திருந்த அட்டையில் கோடே கிடையாது.

யூட் என்று ஒரு கடற்றொழிலாளி. என்னைவிட நல்ல இளையவன், அண்ணை அண்ணை என்று என் பின்னால் வருவான். கலியாணம் முடித்துச் சில வருடமாகியும் பிள்ளை இல்லை. ஒருநாள் ஆய்வுகூடம் பூட்டும் நேரம் வந்து, "அண்ணை, என்னைச் சோதிக்க ஏலுமோ? யாழ்ப்பாணம் போனால் ஆரும் காணுவினம். ஜெசிந்தாவுக்கும் தெரியக்கூடாது" என்றான். ஜெசிந்தா அவன் மனுசி. மிஸ்ஸிடம் கேட்டேன். நம்பர் போட்டுச் செய்யச் சொன்னார். விந்தை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்து மூலைமூலையாகத் தேடினேன். இன்னொரு நாளும் வரச்சொல்லித் தேடினேன். ஒரு உயிரணுவும் இல்லை. அவனை இருத்தி, என்னால் இயன்ற மெதுவான குரலில் சொன்னேன். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டுப் போனான்.

சில வருடம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு என்னையும் அழைத்தான். போனேன், கேக் சாப்பிட்டேன், பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டேன். யூட் பிள்ளையைக் கீழே விடாமல் தூக்கிக்கொண்டு திரிந்தான். அந்தப் பிள்ளை எப்படி வந்தது என்று கேட்க எனக்கு உரிமையில்லை, நான் கேட்கவுமில்லை.

எனக்கு முட்டு இருக்கிறது. மூச்சு இழுக்கும் வருத்தத்தை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். கூடவே நான் கோயிலில் பசாம் படிக்கிறவன். இயேசுவின் பாடுகளைத் தவக்காலத்தில் ராகமாக இழுத்துப் படிப்பது பசாம். பெரிய வெள்ளியில் முதல் ஆளாகப் படிப்பது எனக்கு எவ்வளவு பெருமை என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். யூட்டின் பிள்ளை மடிப்பிள்ளையாக இருந்த வருடம் பெரிய வெள்ளி காலையில் முட்டு பிடித்துக்கொண்டது. உறிஞ்சும் மருந்து முடிந்துவிட்டது, விடுமுறை, கடை பூட்டு. ஊமத்தம் இலையைக் காயவைத்துச் சுருட்டிப் புகைத்தால் முட்டு இளகும் என்று எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் செய்வார்கள். ஆனால் நான் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று, ஈஸ்டர்வரை புகை தொடுவதில்லை என்று நேர்ந்திருந்தேன். சுருட்டுப் பிடிக்கிறவனுக்கு அது பெரிய நேர்த்தி. புகைத்தால் நேர்த்தி முறியும். அவித்துக் குடித்தால் முறியாது. என் மூளை போட்ட கணக்கு இதுதான். வாழ்நாள் முழுக்க ஆய்வுகூடத்தில் நின்றவன், மனுசிக்கும் தெரியாமல் குசினிக்குள் போய், ஒரு கைப்பிடி இலையை அவித்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். செத்தும் போகலாம்.

இனி வருவது எனக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

முதற் பக்கத்தை வெகு நன்றாகப் படித்தேனாம். பிறகு உதட்டை நக்கி நக்கி நின்றேனாம். எழுத்துத் தெரியாமல் புத்தகத்தைத் தூரத் தூரப் பிடித்தேனாம். கடைசியில் அதை வைத்துவிட்டு, மைக்குக்கு மேல் குனிந்து ஒரு கண்ணை மூடி, மைக்கின் கழுத்தை விரலால் மெல்ல மெல்லத் திருகத் தொடங்கினேனாம். நுணுக்குக்காட்டியைத் திருகுவதுபோல. "ஒண்டுமில்லை. இந்தப் பக்கமும் ஒண்டுமில்லை" என்றேனாம். யாரோ சிரித்திருக்கிறார்கள். நான் நிமிர்ந்து, ஆண்கள் பக்கம் இருந்த யூட்டைப் பார்த்து, அன்றைக்குச் சொன்ன அதே குரலில் சொன்னேனாம்:

"யூட், இரும் தம்பி. இரண்டு நாளும் வடிவாப் பாத்திட்டன். உம்மட விந்தில ஒரு உயிரணுவும் இல்லை. உமக்குப் பிள்ளை பிறக்க வழியில்லை. மனுசிக்கு இப்ப சொல்லாதையும்."

மைக்கில். பெரிய வெள்ளியில். கோயில் நிறைந்த சனம், வெளியில் மரத்துக்குக் கீழும் சனம். பெண்கள் பக்கத்தில் ஜெசிந்தா மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு நான் உடம்பு வேக்கை தாங்காமல் சட்டையைக் கழற்ற வெளிக்கிட்டபோதுதான் நாலுபேர் பிடித்து ஓட்டோவில் ஏற்றினார்களாம். சேசுவே!

ஊமத்தை சலத்தையும் கட்டும். எனக்குக் குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். எத்தனையோ பேருக்குப் பின்னால் நின்று பார்த்த எனக்கு, என்னோடு வேலை செய்த பொடியன் ஒருவன் குழாய் போட்டான். அட்டையில் விட்டார்கள். எல்லாக் கோடும் வந்தது. எல்லாம் 'இல்லை'.

அந்தச் செய்தி எப்படியோ ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போய்விட்டது. "அட்டையில ஒண்டுமில்லையாம்." ஊருக்கு அதன் கருத்து வேறு. போதையில்லை என்றால் மனுசன் தெளிவாகத்தான் இருந்திருக்கிறான். தெளிவாக இருந்தான் என்றால் சொன்னது உண்மை. சனிக்கிழமை விடிய யூட்டின் தாய் ஜெசிந்தாவின் உடுப்பைக் கட்டி வெளிவிறாந்தையில் வைத்துவிட்டா. மண்கும்பானில் இருக்கும் அவள் தமையன்மாருக்கு, பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போகச்சொல்லி ஆள் போயிற்று.

மிஸ் அன்று விடுமுறையிலும் வந்தார். ஆய்வுகூட வாசலில் யூட் நின்றிருக்கிறான்.

"மிஸ், அவர் என்ன குடிச்சவர் எண்டு கண்டுபிடியுங்கோ. அட்டையில வரேல்லை எண்டு விட்டுடாதேங்கோ. பின்னேரத்துக்கிடையில எனக்கு வேணும்."

மிஸ் நேரே வார்ட்டுக்கு வந்து என்னைப் பார்த்தார். கண்மணி விரிந்து கறுத்திருந்தது, தோல் காய்ந்து கொதித்தது, இல்லாத கண்ணாடித் தகட்டை நான் விரலால் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் இளம் பொடியன். "ஊமத்தைபோலத்தான் கிடக்கு மிஸ். பூனையின்ர கண்ணில ஒரு துளி விட்டுப் பாத்தால் கண்மணி விரியும் எண்டு பழைய புத்தகத்தில கிடக்கு" என்றாராம். "பூனை என்ன பாவம் செய்தது டாக்டர்?" என்றுவிட்டு மிஸ் அலுமாரியைத் திறந்தார்.

அவர் செய்ததைப் பிறகு எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார். சலத்தில் அமோனியா விட்டுக் காரமாக்கி, குளோரோபோமோடு சேர்த்துப் பிரிபுனலில் மெதுவாகக் குலுக்கினார். வேகமாகக் குலுக்கினால் நுரைத்துப் பிரியாது. அடியில் இறங்கியதை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் எடுத்து, வெந்நீருக்கு மேல் வைத்து உலர்த்தினார். கிண்ணத்தில் மிஞ்சியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு படை. அதன்மேல் புகையும் நைத்திரிக் அமிலம் ஒரு துளி. எல்லா யன்னலையும் திறந்துவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மீண்டும் உலர்த்தினார். மஞ்சளாக ஒரு கறை நின்றது. அதை ஆறவிட்டார். கடைசித் துளி, அற்ககோலில் கரைத்த பொற்றாசியம் காரம். ஊமத்தைச் சத்து இருந்தால் அந்தத் துளி பட்டதும் ஊதா நிறம் எழும்பும். ஆனால் அது நிற்காது. சிவந்து, வெளிறி, கொஞ்ச நேரத்தில் போய்விடும். ஆகவே அந்தத் துளியை விடாமல் வைத்துக்கொண்டு, யூட்டின் தமையனையும் கோயில் பங்குச் சுவாமியையும் உள்ளே கூப்பிட்டார். வெளி ஆட்களை அவர் உள்ளே விட்டது அந்த ஒருமுறைதான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கிட்ட வந்து பாருங்கோ, கண்ணை எடுக்காதேங்கோ" என்று துளியை விட்டார்.

ஊதா வந்தது. கத்தரிப்பூ நிறம்.

"உதென்ன மிஸ்?" என்று தமையன் கேட்டானாம்.

"ஊமத்தை. இது உள்ளுக்கை போனால் ஆளில்லாத இடத்தில ஆளைக் காணும். இல்லாத வேலை செய்யும். வாய்க்கு வந்ததைக் கதைக்கும்."

"அப்ப அவர் யூட்டைப் பற்றிச் சொன்னது?"

மிஸ் கிண்ணத்தைக் காட்டினார். "தம்பி, நீர் என்ன நிறம் கண்டீர்?"

"ஊதா."

"அதைப் போய்ச் சொல்லும்."

அவன் வெளியே ஓடி, வாசலில் நின்ற சனத்துக்குக் கேட்கக் கத்தினானாம்: "ஊமத்தை! மனுசன் ஊமத்தையைக் குடிச்சிட்டு விசர்க்கதை கதைச்சிருக்கிறான்!" மத்தியானத்துக்குமுன் தாயே உடுப்புக் கட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தா. அந்த நிறம் வேறு ஒன்றிரண்டு சரக்குக்கும் வரும் என்று மிச்சச் சலத்தை மிஸ் கொழும்புக்கு அனுப்பினார். அங்கிருந்தும் ஊமத்தை என்றுதான் வந்தது, எல்லாரும் மறந்த பிறகு.

ஈஸ்டர் அன்று எனக்கு நினைவு தெளிந்தது. மனுசி கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மிஸ் வந்துதான் நடந்ததைச் சொன்னார், ஒரு முடிவை வாசிப்பதுபோல, ஒன்றும் விடாமல். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். பிறகு, "எனக்காகப் பொய் சொன்னீங்களோ மிஸ்?" என்று கேட்டேன்.

"உமக்காக ஒண்டும் செய்யேல்லை. நான் நிறத்தைக் காட்டினனான், மிச்சத்தை அவையே விளங்கிக்கொண்டினம். இனிக் கவனமாக் கேளும். சனம் உம்மை விசரன் எண்டால் சிரிச்சுப்போட்டுப் போம். ரோசப்படாதையும். நீர் தெளிவான ஆள் எண்டு காட்ட வெளிக்கிட்டால் யூட், ஜெசிந்தா இரண்டு பேரின்ர குடும்பம் முடிஞ்சுது."

அதைச் செய்தேன். எனக்கு ஊமத்தை அண்ணை என்று பெயர் விழுந்தது. பஸ்ஸில் ஏறினால், "அண்ணை, இண்டைக்கு ஆரின்ர றிப்போட்?" என்பார்கள். சிரிப்பேன். பசாம் படிப்பதை விட்டேன், அவர்களும் கேட்கவில்லை. அதெல்லாம் தாங்கலாம். ஆய்வுகூடத்துக்கு வந்த கிழவி ஒருத்தி என்னைக் கண்டதும் போத்தலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, "மிஸ் இல்லையோ மோனை? நான் பேந்து வாறன்" என்று திரும்பிப் போனாளே, அதைத் தாங்க ஏலவில்லை. சிலர் சீனி பார்க்கவும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினார்கள். ஓய்வு பெறும்வரை அது மாறவில்லை.

என்னை எல்லாரையும்விடச் சத்தமாகப் பகிடி பண்ணியவன் யூட். சந்தையில் கண்டாலும், "ஊமத்தை அண்ணை!" என்று கூப்பிடுவான். ஏன் என்று எனக்கு விளங்கியது. ஒருவிதத்தில் ஆறுதலாகவும் இருந்தது. என் மானம் போனது, அவர்கள் குடும்பம் நின்றது, கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகும் படகில் அவனைக் கண்டேன். ஆட்கள் முன்பக்கம் நின்றார்கள். நாங்கள் இருவரும் பின்னால். அன்றைக்குத்தான் எனக்கு வாய் திறந்தது.

"யூட், நான் உம்மட முகத்தில முழிக்கத் தகுதியில்லாதவன். மன்னிச்சுக்கொள்ளும்."

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஊரை விடுங்கோ அண்ணை. ஊர் அண்டைக்கே ஊமத்தைக் கதையை நம்பிட்டுது."

"அப்ப?"

"நான் சோதிச்சது ஜெசிந்தாவுக்குத் தெரியாது. ஒண்டும் அறியாமல்தான் நான் பிள்ளையைத் தூக்கிறன் எண்டு அவள் நினைச்சிருந்தவள். அண்டைக்கு நீங்கள் சொல்லேக்கை எல்லாரும் உங்களைப் பாத்தவை. அவள் என்னைப் பாத்தவள். நான் தலையைக் குனிஞ்சிட்டன். அவ்வளவுதான். எனக்கு முந்தியே தெரியும் எண்டு அவளுக்கு விளங்கிட்டுது."

"பேந்து அவளோட கதைச்சனீரோ?"

"என்னெண்டு கதைக்கிறது? எனக்குக் கோவமில்லை எண்டு சொல்லவும், தெரியும் எண்டு முதல்ல சொல்லவேணுமெல்லே." படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "முந்தி நாள் முழுக்க என்னோட சண்டை பிடிப்பாள் அண்ணை. மீன் குறைஞ்சால் ஏச்சு, குடிச்சால் ஏச்சு, சேத்துக்காலோட உள்ளுக்கை வந்தால் ஏச்சு. இப்ப குடிவெறியில வந்து விழுந்தாலும் சோத்தைப் போட்டு வைச்சிட்டு ஒரு பக்கத்தில நிக்கிறாள். ஒருக்கா ஏசினாளெண்டால் போதும் எனக்கு."